இருநூற்றுப் பத்து ரூபாய் அச்சாரம்

எனக்கு வேலை கொடுக்க இந்த நாட்டில் இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது, என் காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும்வரை எனக்குத் தெரியாது.

அதுவரை காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். கடை ஊழியர் உட்கார்ந்து வேலை செய்யலாம் என்று சட்டம் வந்தபோது எங்கள் பக்கத்துக்கும் ஒரு ஸ்டூல் வந்தது. அதன்மேல் எப்போதும் ஒரு துணிக்கட்டு உட்கார்ந்திருக்கும். அந்தத் துணிக்கட்டைப் பார்த்து நான் பொறாமைப்பட்டது உண்டு. இரண்டு கெண்டைக்காலிலும் நீல நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்த பிறகு, இனி நிற்கிற வேலையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் கடையில் நிற்காத வேலை முதலாளி வேலை ஒன்றுதான். அது காலியாக இல்லை.

என் கணவருக்குத் தச்சு வேலை. நிலை, கதவு, ஜன்னல் என்று தேவகோட்டை வரைக்கும் கூப்பிடுவார்கள். ஆனால் மழைக்காலத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எங்களுக்கு ஒரே மகள். திருச்சியில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். என் சம்பளம் நின்ற மாதமே இவர் ஓர் ஏஜென்ட்டைப் பார்த்து பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். மஸ்கட்டில் தச்சு வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். இதை அவர் சாப்பிடும்போது சொன்னார், இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்று என்று சொல்கிற அதே குரலில்.

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். பத்தொன்பது வருடம் தினமும் சண்டை போட்டுப் பழகியவள் நான். மகளும் விடுதியில், இவரும் மஸ்கட்டில் என்றால் நான் யாரோடு போடுவேன்? இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது.

"எனக்கு மூணு மாசம் குடுங்க," என்றேன். "கடைச் சம்பளத்த வீட்டுல உக்காந்தே நான் சம்பாதிச்சுட்டா, நீங்க போகக் கூடாது."

"சம்பாதிக்காட்டி?"

"போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீ ஒண்ணும் சொல்லாம இருக்கிறதப் பாக்குறதுக்காச்சும் போகணும்," என்றார். பிறகு விரலை நக்கிக்கொண்டே, "சரி, ஆவணி முடியட்டும்," என்றார். அப்போது வைகாசி.

மறுநாளே போனில் வேலை தேட ஆரம்பித்தேன். நான் ஒன்றைத் தேடினால் பத்து என்னைத் தேடி வந்தது. முதலில் வந்தது பென்சில். வீட்டிலேயே உட்கார்ந்து பென்சிலை டப்பாவில் அடுக்கினால் மாதம் முப்பதாயிரம். பென்சில் செய்கிற மெஷின் வைத்திருப்பவனுக்கு, அதை டப்பாவில் போட ஒரு மெஷின் இருக்காதா என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் முன்னறையில் எத்தனை டப்பா அடுக்கலாம் என்று அவருடைய டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். அடையாள அட்டைக்கு ஐந்நூறு ரூபாய் கட்டச் சொன்னார்கள். நியாயமாகத்தான் பட்டது, போட்டோ ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டுத் தர வேண்டுமே.

பணம் அனுப்பப் போகிற நேரத்தில் அவர் எட்டிப் பார்த்தார். "யாருக்கு?" என்றார். சொன்னேன்.

"வேலை குடுக்குறது யாரு?"

"அவுக."

"வேலை பாக்கப் போறது?"

"நான்."

"அப்ப காசு யாரு குடுக்கணும்? நான் உளியத் தொட்ட நாள்லேருந்து, வேலை குடுத்தவுக யாராச்சும் எங்கிட்டக் காசு வாங்கியிருக்காகளா? அவுகதானடி அச்சாரம் குடுக்கணும்!"

எங்கள் வீடுகளில் அச்சாரம் என்பது சின்ன விஷயம் இல்லை. வீட்டுக்காரர் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் நூற்றியொரு ரூபாயாவது வைத்துக் கொடுப்பார். தச்சர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு வேறு யார் இரண்டு மடங்கு கூலி தருகிறேன் என்றாலும் போகக் கூடாது. கொத்தமங்கலத்தில் ஒருவரிடம் வாங்கிய அச்சாரத்துக்காக, நூற்றிரண்டு காய்ச்சலோடு போய் நிலை ஊன்றிவிட்டு வந்த மனுஷர் இவர். அங்கே நிலை நேராக நின்றது, இவர்தான் தள்ளாடிக்கொண்டு நின்றார் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள்.

எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து எவன் வேலை தருகிறேன் என்று கூப்பிட்டாலும் முதல் வேலையாக அச்சாரம் கேட்பேன்.

"மேடம், ரிஜிஸ்ட்ரேஷன் பீஸ் எழுநூத்தம்பது ரூபா..."

"அது கிடக்கட்டும் தம்பி. அச்சாரம் எவ்வளவு குடுப்பீக?"

"என்னது மேடம்?"

"அச்சாரம். நூத்தியொண்ணு குடுத்தாப் போதும். வெத்தலை பாக்கு நாங்களே வாங்கிக்கிறோம்."

சிலர் மேலாளரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் காணாமல் போனார்கள். சிலர் நல்ல தமிழில் திட்டினார்கள். நான் அதைவிட நல்ல தமிழில் திட்டினேன். டைப்பிங் வேலை தருவதாகச் சொன்ன ஒருவன், கம்பெனி நேரத்தை வீணாக்கியதற்காக என்மேல் கேஸ் போடுவேன் என்றான். எந்தக் கோர்ட்டில் என்று கேட்டேன். டெல்லி ஹைகோர்ட் என்றான். வாய்தாவுக்கு வர ரயில் சார்ஜை முன்னாடியே அனுப்பிவிடு, அதையே அச்சாரமாக வைத்துக்கொள்கிறேன் என்றேன். ஜவுளிக்கடையில் பன்னிரண்டு வருடம் சிரித்துச் சிரித்துப் பேசி அடக்கி வைத்திருந்த வாய் எனக்கு. அந்த ஒரு மாதம் அதற்குத் திருவிழா.

அந்தத் திருவிழா மும்முரத்தில்தான் மதுரையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பேசிப் பதிவு செய்த தமிழைக் கேட்டு அப்படியே டைப் செய்து கொடுக்கும் வேலைக்கு நான் விண்ணப்பம் போட்டிருந்தேன். அவள் குரலில் ஒரு சொட்டு இனிப்பு இல்லை.

"ஒரு டெஸ்ட் இருக்கும். டெஸ்ட்டுக்குப் பணம் கிடையாது. செலக்ட் ஆனா ஒரு மாசம் வேலை பாக்கணும். மாசம் முடிஞ்சு பதினஞ்சு நாள் கழிச்சு பேமென்ட்."

"அச்சாரம்?"

"நாங்க யாருக்கும் முன்பணம் தர்றதில்லை. யார்கிட்டயும் வாங்குறதும் இல்லை."

"நல்லா இருக்கே! நாப்பத்தஞ்சு நாள் ஓசியில வேலை வாங்கிட்டுக் கடையச் சாத்திட்டுப் போறதுக்கா? என்னய என்ன கேனச்சின்னு நினைச்சீகளா?" என்று ஆரம்பித்து, அவள் பிறந்த வீடு புகுந்த வீடு இரண்டையும் விசாரித்துவிட்டு, அந்த எண்ணையும் முடக்கி வைத்தேன். பெரிய மோசடியைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் அன்றைக்குப் பணியாரம் சுட்டேன்.

ஆடியில் வந்தாள் இன்னொருத்தி. குரல் கிடையாது, வெறும் மெசேஜ்தான். படத்தில் மூக்குத்தி போட்ட சிரித்த முகம். மேப்பில் ஓட்டல்களைப் பார்த்து நட்சத்திரம் போட வேண்டுமாம். ஒரு நாளைக்கு மூன்று ஓட்டல், அவ்வளவுதான் வேலை. வழக்கம்போல அச்சாரம் கேட்டேன். அவள் அச்சாரம் என்றால் என்ன என்று கேட்கவில்லை. வங்கி விவரம் கேட்டாள். இரண்டு நிமிடத்தில் இருநூற்றுப் பத்து ரூபாய் வந்து விழுந்தது.

நாங்கள் இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அவர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். போனை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தார்.

"வாங்கியாச்சு," என்றார். "இனிமே ஒழுங்காச் செஞ்சு குடுக்கணும்."

செய்து கொடுத்தோம். இந்த மோசடியில் எங்களைப்போல் உழைத்தவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள் என்று அடித்துச் சொல்வேன். பார்க்காத ஓட்டலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நட்சத்திரம் போட எங்களுக்கு மனசு வரவில்லை. ஊட்டியில் ஒரு லாட்ஜுக்குப் போன் போட்டு, காலையில் வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், அது வெந்நீரா வெதுவெதுப்பா என்று விசாரித்தேன். எத்தனை நாள் தங்குறீங்க மேடம் என்று லாட்ஜ்காரர் ஆசையாகக் கேட்டார். தங்கவில்லை, வேலை விஷயமாகக் கேட்கிறேன் என்றேன். ஜெய்ப்பூரில் ஒரு பெரிய ஓட்டலின் படத்தை என் கணவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்தா, தரையில அரைவட்டமாக் கோடு விழுந்திருக்கு பாரு. கதவு உரசுது. கதவத் தூக்கி மாட்டத் தெரியாதவனுக்கு என்ன நட்சத்திரம்? ரெண்டு போடு."

இரண்டு போட்டேன். மூக்குத்திக்காரியிடமிருந்து உடனே செய்தி வந்தது: எல்லாவற்றுக்கும் ஐந்து போடுங்கள் டியர். அப்படியெல்லாம் போட முடியாது, கதவு உரசுகிறது என்று பதில் அனுப்பினேன். பாவம், அவள் தொழிலில் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பாள். அச்சாரத்துக்கு உண்மையாக இருந்தவர்களைப் பார்த்திருக்க மாட்டாள்.

ஆனாலும் ஐந்து நாளும் தவறாமல் இருநூற்றுப் பத்து வந்தது. இப்படியே போனால் மஸ்கட்டுக்கு அவசியமே இருக்காது. நான் அடுப்படியில் பாடிக்கொண்டு வேலை செய்தேன். எனக்குப் பாட வராது என்பதால் பக்கத்து வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

ஆறாம் நாள் பெரிய வேலை என்றாள். மூவாயிரம் போட்டால் மூவாயிரத்துத் தொள்ளாயிரமாகத் திரும்பி வரும். எனக்கு உறுத்தியது. அவரைக் கேட்டேன். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"மரம் வாங்க நாம கைக்காசப் போடுறது உண்டுல்ல? பிறகு கூலியோட சேத்து வாங்கிக்கிறது. அது மாதிரித்தான். அச்சாரம் குடுத்தவுகதானே?"

போட்டோம். சொன்னபடி திரும்பி வந்தது. மறுநாள் பதினைந்தாயிரம் போட்டோம். ஜவுளிக்கடையில் கணக்கு முடித்துக் கொடுத்த பணம் அது, என் கால் நரம்புக்குப் பதிலாக வந்தது. அது திரும்பவில்லை. நீங்கள் ஏதோ தப்பான இடத்தில் அழுத்திவிட்டீர்கள், கணக்கு முடங்கிவிட்டது, இன்னும் நாற்பதாயிரம் போட்டால்தான் திறக்கும் என்று செய்தி வந்தது. நான் பதறிப்போய் என் சங்கிலியைக் கழற்றிவிட்டேன். அடகுக் கடைக்கு அனுப்ப ஆயத்தமாக அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கவில்லை. என்னையே பார்த்தார். "மரத்துக்குக் காசு போட்டோம் சரி," என்றார். "மரம் எங்க?"

"என்ன?"

"மரம் வாங்கிக் குடுத்தா, மரம் நம்ம கண்ணு முன்னால கிடக்கும்ல? காசு தரலன்னா மரத்தத் தூக்கிட்டு வந்துருவேன்ல? இங்க மரம் எங்க கிடக்கு?"

நான் போனைப் பார்த்தேன். மூக்குத்தி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. மரம் எங்கேயும் இல்லை.

சைபர் குற்றப் பிரிவுக்குப் போன் செய்தோம். எடுத்துப் பேசிய பெண் போலீஸ் எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டார். நான் அச்சாரம் பற்றிச் சொன்னபோது மட்டும் எழுதுவதை நிறுத்தினார்.

"இப்பல்லாம் அவங்கதான்க்கா முதல்ல குடுப்பாங்க," என்றார். "வாங்கிட்டா மனுசருக்கு ஒரு கூச்சம் வந்துரும்ல. அத வச்சுத்தான் பொழப்பே நடக்குது."

மூன்று நாள் நான் படுத்தே கிடந்தேன். பணம் போனதைவிட, அந்த இருநூற்றுப் பத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது எனக்குத் தாங்கவில்லை. காய்ச்சலோடு போய் நிலை ஊன்றுகிற மனுஷனின் வழக்கத்தை எவனோ ஒருத்தன் தூண்டிலில் மாட்டிவிட்டான். எனக்கு அவமானமாக இருந்தது. ஊரில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. ஒருவருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம். அவர் கடையில் இட்லி வாங்கிக்கொண்டு வந்து வைத்தார், எடுத்துக்கொண்டு போனார், மறுபடி வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

நான்காம் நாள் காலையில் கட்டில் ஓரமாக வந்து நின்றார்.

"ஏஜென்ட்டு கூப்பிட்டான். ஆவணி முடிய இன்னும் இருவது நாள்தான கிடக்குன்னான். மெடிக்கலுக்குப் போகணுமாம். ரெண்டு சட்டை தைக்கக் குடுக்கணும். அங்குட்டு வெயிலுக்குப் பருத்திதான் நல்லதாம்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ! "பொண்டாட்டி இங்க செத்துக் கிடக்கேன், ஒங்களுக்குப் பருத்திச் சட்டை கேக்குதா?" என்று எழுந்து உட்கார்ந்தேன். எழுந்தது எழுந்ததுதான். குளித்துவிட்டு வந்து, அந்த இட்லியையும் தின்றுவிட்டு, போனை எடுத்து, முன்பணம் தருவதும் இல்லை வாங்குவதும் இல்லை என்ற மதுரைப் பெண்ணின் எண்ணைத் திறந்துவிட்டேன்.

திறந்தேனே தவிர நம்பவில்லை. இனிமேல் பிள்ளையாரே வேலை தருகிறேன் என்றாலும் நம்புவதாக இல்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தால் என்ன செய்வோம்? மாப்பிள்ளை சொல்வதையா கேட்போம்? ஊருக்குப் போய், வீட்டைப் பார்த்து, எதிர்வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதுபோல் விசாரிப்போம். விண்ணப்பத்துக்கு வந்த பதில் கடிதத்தின் அடியில் கம்பெனி முகவரி இருந்தது. இரண்டு பேரும் மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

கம்பெனி ஒரு சந்துக்குள் மாடியில் இருந்தது. எதிரில் டீக்கடை. டீ வாங்கிக்கொண்டு, மாடியைக் காட்டி, "அங்குட்டு என்ன நடக்குதுண்ணே?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர் ஆபீஸ்மா. காதுல மாட்டிக்கிட்டு டைப் அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. நாலு வருசமா எங்கிட்டத்தான் டீ."

"சம்பளம் ஒழுங்கா வருதா?"

"ஏழாந்தேதியானா வடையும் சேத்து வாங்குவாங்க," என்றார். இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் என் கணவருக்குத் தேவைப்பட்டது. மாடி ஏறியதும் அவர் உள்ளே போகாமல் வாசல் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கீலை விரலால் தட்டிப் பார்த்தார். வரவேற்பில் இருந்த பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

"தேக்கு," என்றார் என்னிடம் மெதுவாக. "கீலு பித்தளை. ஓடிப்போறவன் இப்புடிக் கதவு போட மாட்டான்."

"ஜெயிலுக்குப் போனவன் எத்தனை பேரு தேக்குக் கதவு போட்டிருக்கான் தெரியுமா?" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

உள்ளே எங்களைப் பார்க்க வந்தவள் என்னைவிடச் சின்னப் பெண், கண்ணாடி போட்டவள். வாயைத் திறந்ததும் அந்த இனிப்பில்லாத குரல். நான் என் ஊரையும் பெயரையும் சொன்னேன். அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"அச்சாரம் கேட்டது நீங்கதானே?"

மாடிப்படி எந்தப் பக்கம் என்று நான் பார்த்தேன். அவரோ எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, "ஆமாம்மா, இவதான். திட்டுனதும் இவதான்," என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தால் வேறு ஆளாகத் தெரிந்தாள். "அன்னைக்கு நீங்க பேசுனத ரெக்கார்டு பண்ணாம விட்டுட்டோமேன்னு இருந்துச்சு. எங்களுக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு வேணும். சென்னையில டைப் பண்றவங்க, நீங்க போனீக வந்தீகன்னு பேசுறத எல்லாம் தப்புன்னு நினைச்சுத் திருத்திடறாங்க," என்றாள்.

அங்கேயே டெஸ்ட் எழுதினேன். ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் டிராக்டர் பழுதானதைப் பற்றி ஆறு நிமிடம் பேசுகிறார். அவர் எப்படிப் பேசினாரோ அப்படியே அடித்துக் கொடுத்தேன். திட்டுகிற இடங்களில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கூடுதல் வேகம். ஒரு வாரத்தில் தேர்வாகிவிட்டதாகக் கடிதம் வந்தது. பான் கார்டு நகல் கேட்டிருந்தார்கள், பாஸ்புக் நகல் கேட்டிருந்தார்கள், பணம் கேட்கவில்லை. நிமிடத்துக்கு எவ்வளவு, எத்தனை தப்புக்கு எவ்வளவு பிடிப்பார்கள், நான் விலகினால் என்ன, அவர்கள் விலக்கினால் என்ன என்று எல்லாம் எழுதியிருந்தது. வரிக்கு வரி மூன்று தடவை படித்தேன். என்னை டியர் என்று ஓர் இடத்திலும் கூப்பிடவில்லை. அதுவே ஓர் ஆறுதலாக இருந்தது.

ஆனால் கூலி வர நாற்பத்தைந்து நாள். ஆவணியோ முடியப் போகிறது.

"விசா தள்ளிப் போயிருச்சாம்," என்றார் அவர், மரத்தூளை ஊதிக்கொண்டே. "ஐப்பசி வரைக்கும் நேரம் இருக்கு. பாப்போம்."

ஒரு மாதம் உட்கார்ந்து அடித்தேன். காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு. ஆமாம், எனக்கென்று ஒரு ஸ்டூல் அவர் செய்து கொடுத்தார். மாதம் முடிந்தது. பிறகு அந்தப் பதினைந்து நாள் இருக்கிறதே, அது எனக்குப் பிரசவத்துக்குக் காத்திருந்ததைவிட மோசம். இதுவும் போனால் இவரும் போய்விடுவார். தினமும் காலையில் மதுரைப் பெண்ணைத் திட்டுவதற்கு வாக்கியங்கள் தயார் செய்து வைத்தேன். மதியம் அவளிடம் அடுத்த வேலை வாங்கிச் செய்தேன்.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் பணம் வந்தது. ஆனால் நான் போட்டு வைத்த கணக்கைவிடக் குறைவு. உடனே அவளைக் கூப்பிட்டேன். வரி பிடித்திருக்கிறோம், ரசீது வரும் என்றாள். அரசாங்கம் என்னிடம் வரி பிடித்ததற்காகச் சந்தோஷத்தில் அழுத ஒரே பெண் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன். எந்த மோசடிக்காரன் அரசாங்கத்துக்கு வரி கட்டப் போகிறான்!

அழுது முடித்த பிறகுதான் பார்த்தேன். வரி போக வந்தது, கடைச் சம்பளத்துக்கு நானூறு ரூபாய் குறைவு. கடைச் சம்பளத்தைச் சம்பாதித்தால்தான் போகக் கூடாது என்பது பேச்சு. பேச்சு என்றால் பேச்சு என்கிற மனுஷர் இவர். நானூறு ரூபாய்க்காக இரண்டு வருடம் மஸ்கட்டுக்குப் போனாலும் போய்விடுவார். அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, செருப்பை மாட்டிக்கொண்டு நேராக அந்த ஏஜென்ட்டிடம் கிளம்பிவிட்டேன்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. சுவர் பூராவும் விமானப் படம். ஏஜென்ட் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் உட்காரக்கூட இல்லை.

"எங்க வீட்டுக்காரரு மஸ்கட்டுக்கு வரல. நான் சொல்றேன், அவரு வரல. பாஸ்போர்ட்ட எடுங்க. மெடிக்கல், விசா அது இதுன்னு ஏதாச்சும் சொன்னீகன்னா நடக்குறதே வேற," என்றேன் மூச்சு விடாமல்.

அவர் பேப்பரை மடித்தார். "எந்த ஆளு, அக்கா?"

சொன்னேன்.

"ஆசாரிண்ணனா? அவர்தான் ஆவணி பத்தாந்தேதியே வந்து பாஸ்போர்ட்ட வாங்கிட்டுப் போயிட்டாரே. பொண்டாட்டிய எவனோ ஏமாத்திப்புட்டான், மூணு நாளா எந்திரிக்காமக் கிடக்குறா, இந்த நிலைமையில விட்டுட்டு வர முடியாதுப்பான்னு கண் கலங்கிட்டாரு. ஏன், ஒங்ககிட்டச் சொல்லலையா?"

நான் அப்போதுதான் உட்கார்ந்தேன். ஆவணி பத்து. அப்படியென்றால் மெடிக்கல் இல்லை, இருபது நாள் கெடு இல்லை, தள்ளிப்போன விசா இல்லை, பருத்திச் சட்டை இல்லை. டெல்லி ஹைகோர்ட்டில் கேஸ் போடுகிறவனை வாயாலேயே விரட்டியவள், இரண்டு மாதமாக என் வீட்டு ரசத்தைக் குடித்துக்கொண்டு ஒரு மனுஷர் அளந்ததை எல்லாம் அப்படியே நம்பியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் பின்பக்கம் ஒரு ஜன்னல் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் இழைப்புளி நின்றது.

"ஏஜென்ட்டப் பாத்துட்டு வாரேன்," என்றேன்.

அவர் தரையில் கிடந்த மரச்சுருளைக் காலால் ஒதுக்கினார். "காசு வந்துருச்சா?"

"அது கிடக்கட்டும். ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ படுத்தே கிடந்திருப்ப."

"அதுக்காக?"

"இட்லி வாங்கிக் குடுத்துப் பாத்தேன், எந்திரிக்கல. மஸ்கட்டுன்னு சொன்னேன், எந்திரிச்சுட்ட. ஒனக்குக் கோவம் வந்தாத்தான் உசுரு வருது. நான் என்ன செய்யட்டும்?" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "அப்புடிக் கிடந்தவள விட்டுட்டு நான் எங்கிட்டுப் போறது?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. என் கல்யாணத்துக்குப் பிறகு இப்படி நடந்தது அதுதான் முதல் தடவை; அவர் அதைக் கண்டு உண்மையிலேயே பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வர ஓடினார். குடித்துவிட்டு, நானூறு ரூபாய் குறைவதைச் சொன்னேன். அடுத்த மாதம் சேர்த்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். பிறகு இரண்டு பேரும் சண்டை போட்டோம், இருட்டும் வரைக்கும், மனசு நிறைய.

இந்த ஒரு வருடத்தில் என்னை ஏமாற்றியவர்களுக்குக் கணக்கே இல்லை. அதில் ஊரைவிட்டுப் போகாதவர் இவர் ஒருத்தர்தான்.